முழு லோடுக்கு ஒரு குளியல்

கரடியூரில் காப்பித் தோட்டத்தை ஒட்டி ஒரு டேட்டா சென்டர் வந்திருந்தது. குளிர்ந்த ஊரில் ஏசி செலவு மிச்சம் என்று யாரோ கணக்குப் போட்டதன் பலன். உள்ளே யார் யாருடைய கணினிகளோ இரவும் பகலும் ஓடின. அவற்றுக்கு ஒரு நொடிகூட கரண்ட் நிற்கக் கூடாது. ஆனால் சேர்வராயன் மலையில் காற்றடித்தால் மரம் சாயும், மரம் சாய்ந்தால் கரண்ட் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் அமுதா. கரண்ட் பொறுப்பு முழுக்க அவளுடையது.

அவள் வெள்ளக்கடை எஸ்டேட் தொழிலாளியின் மகள். சென்னையில் ஹாஸ்டல் சாம்பாரைக் குடித்துக் காலம் தள்ளியவள், இந்த வேலை கிடைத்ததும் திரும்பிப் பார்க்காமல் மலையேறிவிட்டாள். இன்றைய பரிசோதனையில் தேறாவிட்டால் சென்டர் ஓசூருக்குப் போய்விடும், கூடவே அவளும் போக வேண்டும்.

பரிசோதிக்க வந்த ஜேசுதாஸ் எதையும் வாயால் சொன்னால் நம்பாத மனிதர். "காட்டுங்க" என்பார், அவ்வளவுதான். இரண்டு மின்பாதைகளைக் காட்டினாள். மெயினை அணைத்தார், பேட்டரி தாங்கியது, ஜெனரேட்டரும் உறுமிக்கொண்டு எழுந்தது. மத்தியானத்துக்குள் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று: ஜெனரேட்டர் ஒரு மணி நேரம் முழு லோடில், அதாவது தன்னால் முடிந்த அத்தனை கரண்டையும் கொடுத்தபடி, இடைவிடாமல் ஓட வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், சென்டரில் பாதி அலமாரிகள் காலி. இருக்கிற கணினிகள் பாதி லோடுதான் இழுக்கும். மீதியை இழுத்துக் காட்டுவதற்கென்றே ஓர் இயந்திரம் சேலத்திலிருந்து லாரியில் வந்துகொண்டிருந்தது. லாரி கொண்டை ஊசி வளைவில் திரும்ப முடியாமல் நிற்பதாக டிரைவர் போன் செய்தார்.

"அப்ப தேறலைன்னு எழுதிடறேன்" என்றார் ஜேசுதாஸ், வருத்தமில்லாமல்.

"கொஞ்சம் பொறுங்க சார். அந்த மெஷினுக்குள்ள என்ன இருக்குது?"

"ஹீட்டர் காயில்தான். கரண்டையெல்லாம் சூடா மாத்தித் தீர்த்துடும்."

அமுதாவுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. இந்தக் குளிரில் வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பி இல்லாத வீடு கரடியூரில் ஏது?

அவள் சொல்லியனுப்பிய கொஞ்ச நேரத்தில் கண்ணாயி தலைமையில் ஊர்ப் பெண்கள் பக்கெட்டும் கம்பியுமாக வந்து இறங்கினார்கள். மைக் செட் வேடியப்பன் திருவிழாவுக்குப் போடும் ஒயரையும் போர்டுகளையும் கொண்டுவந்தார். ஷாக் அடித்தால் தானே அணையும் சுவிட்ச் இருக்கிறதா என்று ஜேசுதாஸ் ஒவ்வொரு போர்டாகக் குடைந்து பார்த்தார். அணைக்காமல் யாரும் தண்ணீரில் கைவைக்கக் கூடாது என்று மூன்று தடவை அதட்டினார். அப்புறம் அரைமனதாகத் தலையாட்டினார். ஜெனரேட்டர் முக்கி முனகியது. மீட்டர் முழு லோடைத் தொட்டது. அமுதா மூச்சு விட்டாள்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மீட்டர் சரியத் தொடங்கியது. ஓடிப்போய்ப் பார்த்தால், தண்ணீர் பதமாகக் காய்ந்ததும் கண்ணாயி கம்பியை அணைத்துவிட்டு, பக்கெட்டை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். வரிசையாக எல்லோரும் அதையே செய்தார்கள்.

"ஏனுங்கக்கா, எதுக்கு அணைச்சீங்க?"

"தண்ணி காஞ்சுருச்சு கண்ணு. அதுக்கு மேல வெச்சா பிளாஸ்டிக் பக்கெட்டு உருகிப் போயிருமில்ல?"

"சரி, அதைக் கொட்டிட்டுப் பச்சைத் தண்ணி புடிச்சு வைங்க."

"சுடுதண்ணியக் கொட்டறதா?" கண்ணாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "காசு குடுத்தாலும் அந்தப் பாவத்தை நான் பண்ண மாட்டேன் சாமி."

ஜேசுதாஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "இடையில விட்டா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இருட்டறதுக்குள்ள நான் கீழ இறங்கணும்."

கொட்ட மாட்டார்கள் என்றால் குளிக்கத்தான் வேண்டும். வேறு வழி? பெண்கள் பக்கெட்டைச் சுமந்து வீட்டுக்கு ஓடினார்கள், குளித்தார்கள், ஈரத்தலையோடு பச்சைத் தண்ணீர் பிடித்துத் திரும்பினார்கள். ஒன்று போனால் இன்னொன்று கம்பியில் ஏற வேண்டும் என்று வரிசை கட்டிவிட்டாள் அமுதா. காப்பிப் பழம் பறித்துவிட்டு வந்த ஆண்களை ஜெனரேட்டர் ஷெட்டின் பின்பக்கம் குளிக்கத் திருப்பிவிட்டாள். வருஷக் கணக்காகத் தண்ணீரோடு பகை பாராட்டிவந்த ஐயாக்கண்ணுவையே நாலு பேர் சேர்ந்து குளிப்பாட்டினார்கள். கரடியூர் அத்தனை சுத்தமாக ஒருநாளும் இருந்ததில்லை.

இன்னும் பத்து நிமிஷம். குளிக்காத ஆள் ஊரில் தீர்ந்துபோயிற்று. வரிசையில் பச்சைத் தண்ணீரோடு ஒருத்திதான் மிச்சம், மற்ற பக்கெட் எல்லாம் கம்பியில். அதில் ஒன்று காய்ந்து, பக்கவாட்டில் நெளியத் தொடங்கியிருந்தது. கண்ணாயியின் விரல் சுவிட்சுக்குப் போயிற்று.

ஜேசுதாஸ் மீட்டரைப் பார்த்தார், பக்கெட்டைப் பார்த்தார், அமுதாவின் முகத்தைப் பார்த்தார். முந்தின ராத்திரியே சென்னையில் கிளம்பியவர், குளிக்காமலே வந்திருந்தார்.

"அந்தம்மா அடுத்த பக்கெட்டோட வரட்டும். இதை எனக்குக் கொடுங்க. துண்டு இருக்கா?" என்றார்.

அவர் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது ஒரு மணி நேரம் முடிந்திருந்தது. மீட்டர் அசையவில்லை. "தேறிட்டீங்க. ஆனா மாசாமாசம் இதே டெஸ்டைப் பண்ணிக் காட்டணும்" என்றார்.

"மாசம் ஒருக்காவுங்களா? வாரம் ஒருக்கா வெச்சுட்டா நொம்ப சௌரியமுங்க" என்றாள் கண்ணாயி.

ஓசூர் போக வேண்டாம். அமுதா ஷெட் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். சந்தோஷம்தான், அடக்க முடியவில்லை. உடம்பெல்லாம் டீசலும் கரியுமாக இருந்தது. கண்ணாயி கடைசி பக்கெட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

"அழுதது போதும் கண்ணு. ஊர்ல நீ ஒருத்திதான் பாக்கி. தண்ணி ஆறிப்போகுது, வா."