ஆறு மணி வண்டி

“தினமும் ஓட்டுறாருன்னு சொன்னியே, இதுதான் தினமும் ஓட்டுற வண்டியா?”

“கத்தாதேடா. எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும்! அப்பா முன்னால போயாச்சு. நாம இங்க நடுமேட்டுல உக்காந்திருக்கோம்.”

அமரர் ஊர்தி மயானத்து மேட்டில் ஏறி வளைவில் மறைந்துவிட்டது. பின்னால் போன கார், செத்தவருடைய கார்தான், பாதி ஏற்றத்தில் இருமி, ஒரு பாட்டம் கரும்புகை கக்கி நின்றுவிட்டது. அப்பாவின் வண்டியில்தான் பின்னால் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் மகள். ஆகவே வசவும் அவளுக்கே.

தம்பியின் கோபம் காரின்மேல் இல்லை. இரண்டு வருஷம் முன்பு அம்மா போனபோது, அப்பாவை நான் கூட்டிப்போகிறேன் என்றான். தடுத்தவள் அக்கா. “அவர் பாட்டுக்கு வண்டிய எடுத்துட்டு நாலு பேரைப் பாத்துட்டு வர்றார். உன் மூணாவது மாடியில அடைச்சு வைக்காதே.” அவளிடம் ஆதாரமும் இருந்தது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் செய்வாள். அந்தப் பக்கம் எஞ்சின் ஓடும், ஹாரன் கேட்கும்.

“எங்கப்பா இருக்கீங்க?”

“சிநேகிதனைப் பாக்கப் போயிட்டிருக்கேம்மா. ஒரே டிராஃபிக்.”

“ஐயோ, ஓட்டும்போது பேசாதீங்க. வச்சுடறேன்.”

நிம்மதியாக வைத்துவிடுவாள்.

ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்த பட்டறைக்காரர் இறங்கி பானட்டைத் திறந்தார். அப்பாவின் தெருமுனையில் கார் பட்டறை வைத்திருப்பவர். துக்கத்துக்கு வந்தாலும் ஸ்கூட்டர் பெட்டியில் ஸ்பேனர் இல்லாமல் வரமாட்டார்.

“சோக்கை இழுத்து விட்டிருக்கீங்களா தம்பி?”

“உள்ளதான் இருக்கு. மிதிக்க மிதிக்க இழுக்கவே மாட்டேங்குது.”

“புகை கருப்பா வந்தா பெட்ரோல் அதிகமாப் போகுதுன்னு அர்த்தம். காத்து பத்தல.”

ஊர்தியை நிறுத்தச் சொல்லத் தம்பி மேட்டில் ஓடினான். பட்டறைக்காரர் ஏர் ஃபில்டரை எடுத்துத் தட்டினார், கரி கொட்டியது. ஒரு பிளக்கைக் கழற்றினார். முனையில் கண்மை மாதிரி அப்பியிருந்தது. ஆயில் குச்சியை உருவி முகர்ந்து, அவள் பக்கம் நீட்டினார். பெட்ரோல் வாடை.

பிறகு கதவைத் திறந்து, இரண்டு வருஷம் முன்பு தன் கையாலேயே சர்வீஸ் அட்டையில் எழுதிவைத்திருந்த கிலோமீட்டரைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். அவளும் எட்டிப் பார்த்தாள். மனசுக்குள் கழித்தாள். இரண்டு வருஷத்தில் இருபத்தாறு கிலோமீட்டர்.

“மீட்டர் கெட்டுப்போச்சாண்ணே?”

“மீட்டருக்கு ஒண்ணும் இல்லம்மா. பங்க்குக்குப் போய் வந்தாலே அவ்வளவு ஆகும்.” பிளக்கை உப்புத்தாளில் தேய்த்தார். “வண்டி ஓடிச்சு. சக்கரம் ஓடல. நின்ன எடத்துலயே, சரியா சூடு ஏறாம தினம் ஓடினா இப்படித்தான் கரி கட்டும்.”

“ஹாரன் கேக்குமே?”

“ஹாரன் அடிக்க வண்டி நகரணும்னு இல்லையேம்மா.”

தெருவுக்கு இதெல்லாம் புதுசில்லை. ஆறடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மனிதர் இஸ்திரி போட்ட சட்டையோடு கொட்டகையில் காருக்குள் ஏறுவார். ஸ்டார்ட் செய்வார். போன் வந்ததும் இரண்டு ஹாரன். மகளுக்கு வேலை அதிகமான நாட்களில் போன் ஏழுக்குத்தான் வரும். அதுவரை எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கும். பேசி முடித்ததும் அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே போவார். ‘டிராஃபிக் சார்’ என்று தெரு பெயர் வைத்திருந்தது. புகைக்குத் திட்டியது, ஹாரனுக்குச் சிரித்தது. வாங்க சார், வந்து உட்காருங்க என்று ஒரு வாசலும் கூப்பிட்டதில்லை. அவரவருக்கு ஆயிரம் வேலை.

“தெருவுல எல்லாருக்கும் தெரியுமாண்ணே?”

பட்டறைக்காரர் பிளக்கை முறுக்கினார். முறுக்கி முடித்த பிறகும் முறுக்கினார்.

தம்பி மூச்சிரைக்க வந்தான். “என்னவாம்?”

பட்டறைக்காரர் பானட்டை மூடினார்.

“காத்து பத்தலையாம்” என்றாள் அக்கா.

ஃபில்டர் இல்லாமலே வண்டி மேடேறியது. அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டை ஒரு புதுமணத் தம்பதி வாங்கிக்கொண்டார்கள். கொட்டகைச் சுவரில் இருக்கும் கரிவட்டம் இரண்டு முறை வெள்ளையடித்தும் எட்டிப் பார்க்கிறதாம், புதுப்பெண் குறைப்படுகிறாள். தம்பி குடும்பத்தோடு கடல்தாண்டிப் போய்விட்டான். காரை அக்காவே ஓட்டிக்கொண்டு போனாள், தெருவில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்.

பட்டறைக்காரரின் மகளும் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். அவளும் சாயங்காலத்தில்தான் போன் செய்கிறாள். பட்டறையில் எந்த எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும், அதை அணைத்துவிட்டுத்தான் அவர் எடுக்கிறார்.