மொத்தமா அனுப்புங்க

டெய்லரம்மாவின் வீட்டுக்காரருக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் தந்தி. ஒரு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு இரண்டு வார்த்தை செலவழித்தால் சொத்தே கரைந்துவிடும் என்று நினைக்கிற மனுஷன். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் "ம்" என்பார். அந்த "ம்" ஆமாவா இல்லையா என்று கண்டுபிடிப்பதிலேயே அவளுக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. அப்படிப்பட்டவரைப் போய்ப் பஞ்சுக் கடைக்குப் போன் போடச் சொன்னாளே, அவளைச் சொல்ல வேண்டும்.

அவளுக்கும் தலைபோகிற அவசரம். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா வீட்டுக்குப் போக வேண்டும், போகும்போது கையில் போர்வை இருக்க வேண்டும். அது வெறும் போர்வை இல்லை, பதில். மகள் கல்யாணம் முடிந்து முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது சம்பந்தியம்மா ஜன்னல் திரையை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, "உங்க வீட்டுல எல்லாமே கொஞ்சம் மெல்லிசுதான், இல்ல?" என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு இன்னும் டெய்லரம்மாவின் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. போதாக்குறைக்கு மகள் வேறு போனில், "துண்டைத் தொட்டாலும் மெல்லிசு, என்னைப் பாத்தாலும் மெல்லிசுன்றாங்கம்மா" என்று சொல்லிச் சிரிக்கப் பார்ப்பாள். அது சிரிப்பா இல்லையா என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

அதனால்தான் மகளின் சின்ன வயசுக் கவுன்களை எடுத்துச் சதுரம் சதுரமாக வெட்டி, பூப்போட்டதும் கட்டம்போட்டதுமாகச் சேர்த்துத் தைத்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து மேல்துணியை முடித்திருந்தாள். அடித்துணியும் தயார். நடுவில் வைக்கிற பஞ்சு விரிப்புதான் பாக்கி. அந்தக் கடைக்காரர் போன தடவை பாதியை அனுப்பிவிட்டு மீதியை ஆடி அசைந்து அனுப்பியவர்.

"பிரிச்சுப் பிரிச்சு அனுப்ப வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள்.

தந்தி போனை எடுத்தார். "பஞ்சு விரிப்பு. பெரிய கட்டில் அளவு. மொத்தமா அனுப்புங்க." வைத்துவிட்டார்.

பொட்டலம் இறுக்கிக் கட்டி, சமர்த்தாக வந்தது. டெய்லரம்மா பிரித்த கையோடு அளந்து வெட்டிவிட்டு, அடுப்பில் வைத்த பாலை இறக்கப் போனாள். திரும்பி வந்தால் பஞ்சு மூச்சு வாங்கி எழுந்து உட்கார்ந்திருக்கிறது. முழங்கையை ஊன்றினால் முழங்கை காணாமல் போகிறது.

"ஐயையோ, என்ன பஞ்சுங்க இது!"

கடைக்காரரைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தாள். அவர் அசரவில்லை. "சார்தானேம்மா மொத்தமா அனுப்புன்னாரு? இருக்கறதுலயே மொத்தமானதா, நல்ல தடிப்பானதாப் பாத்து அனுப்பினேன். வெட்டிட்டீங்கன்னா திருப்பி எடுக்க முடியாதும்மா."

தந்தி இதைக் கேட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தினார். "சரியாத்தான் சொன்னேன்."

"சரியாத்தான் சொன்னீங்க. இன்னும் நாலு வார்த்தை சேத்துச் சொல்லியிருந்தா வாய் தேஞ்சிடுமா?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு விரிப்பு வாங்கலாம் என்றால் ஞாயிறுக்குள் வராது. போர்வை இல்லாமல் போனால் 'மெல்லிசு' என்ற பேச்சு மகள் தலையிலேயே நிலைத்துவிடும். சரி, ஆனது ஆகட்டும் என்று மிஷினில் வைத்தாள். துணியை அழுத்திப் பிடிக்கிற இரும்புப் பாதம் பஞ்சுமேல் இறங்கவே இல்லை. அழுத்தி இறக்கினால் ஊசி படக்கென்று ஒடிந்தது. பஞ்சை இரண்டாக உரித்துப் பார்த்தாள். ஓரத்தில் நன்றாக உரிந்து, நடுவில் போனதும் ஓட்டை விழுந்தது. உரித்ததை மறுபடி ஒட்டி வைத்தாள்.

கடைசியில் கைத்தையல்தான் கதி என்று ஆனது. சதுரங்கள் கூடுகிற மூலையிலெல்லாம் கோணி ஊசியை விட்டு, அடியிலிருந்து மேலே இழுத்து, முடிச்சுப் போட வேண்டும். ஊசி உள்ளே போனால் வெளியே வர மாட்டேன் என்றது. தந்தியின் குறடு வந்தது, பின்னாலேயே தந்தியும் வந்தார்.

"ஏறி உக்காருங்க" என்றாள்.

"எங்க?"

"இது மேலதான். மொத்தமா உக்காருங்க."

மறுபேச்சில்லாமல் மண்டியிட்டுப் பஞ்சை அமுக்கினார். அவள் இழுக்க, அவர் நகர, மறுபடி இழுக்க, மறுபடி நகர, வீட்டுக்காரர் அந்தப் போர்வை முழுக்க முழங்காலாலேயே நடந்து முடித்தார். குற்றம் செய்தவருக்கு இதைவிட நல்ல தண்டனை எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது. ஆனால் முடிச்சு ஒவ்வொன்றும் கச்சிதமாக விழுந்தது. சதுரங்கள் ஒவ்வொன்றும் கன்னம் உப்பி நின்றபோது அவளுக்கே பார்க்க ஆசையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா போர்வையை இரண்டு கையாலும் வாங்கினார். இரண்டு விரல் போதவில்லை. "அடேங்கப்பா!" என்றார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நல்லதா கெட்டதா என்று தெரியாமல் டெய்லரம்மா திரும்பி வந்தாள்.

நாலு நாள் கழித்து மகள் போன் பண்ணினாள். "அம்மா, நீ குடுத்த மெத்தை பிரமாதமாம். முதுகுவலியே போச்சாம். வர்றவங்க கிட்டல்லாம் சொல்றாங்க."

"மெத்தையா?"

"மெத்தைன்னுதாம்மா நெனச்சுக்கிட்டாங்க. நானும் சொல்லல. இப்பல்லாம் மெல்லிசுங்கற பேச்சே இல்ல, அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

"கவுன் துணியெல்லாம் பாத்தாங்களா?"

மகள் கொஞ்சம் தயங்கினாள். "அழுக்காகக் கூடாதுன்னு மேல விரிப்பு போட்டுட்டாங்கம்மா."

மாதக்கணக்கில் செய்த வேலை விரிப்புக்கு அடியில்! மகளின் பிள்ளைப்பருவம் மொத்தத்தின் மேலும் அந்தம்மா நிம்மதியாகக் குறட்டை விடுகிறார்.

"அம்மா, இன்னொண்ணு. போத்திக்க ஒரு போர்வை வேணுமாம். உங்க அம்மாவே தெச்சுக் குடுத்தா நல்லாருக்கும்னாங்க." மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இந்தத் தடவை அது அசல் சிரிப்பு. "கனமா வேணாமாம். மெல்லிசா இருந்தாத்தான் நல்லதாம்."

அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு டெய்லரம்மாவுக்குத் துணியாவது முடிச்சாவது! கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போன் போட்டாள். தந்தி பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க வாயைத் திறக்கக் கூடாது" என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கடைக்காரரிடம் நிறுத்தி நிதானமாகப் பேசினாள். "அண்ணே, பெரிய கட்டில் அளவு. இந்தத் தடவை மெல்லிசு வேணும். மெ-ல்-லி-சு."

"புரிஞ்சுதும்மா, மெல்லிசு" என்றார் கடைக்காரர். "மொத்தமா அனுப்பட்டுமா?"

அவள் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. தந்தியைப் பார்த்தாள். அவர் வாழ்நாளில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.