தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைகள்

பூதலூருக்குப் பக்கத்தில் ரைஸ் மில் நடத்தும் வள்ளியம்மையின் நிலவறை, யாரும் தோண்டாமல் தானாக வளர்ந்தது. அவளைப் பற்றிய வீடியோவை ஒரு லட்சம் பேர் பார்த்துமுடித்த அன்று காலையில், தவிட்டுக் குவியலுக்குப் பின்னால் முதல் படி தெரிந்தது. இரண்டு லட்சம் ஆனபோது படிக்கட்டு முழுவதும் வந்துவிட்டது. அந்தப் பக்கம் கடப்பாரையைக் கொஞ்சம் ஆழமாக இறக்கினாலே தண்ணீர் ஊறும். அதனால் எந்தப் பணக்காரனும் அங்கே வீட்டுக்கு அடியில் அறை கட்ட ஆசைப்பட்டதில்லை. இந்த அறையிலோ ஈரம் என்ற பேச்சே இல்லை. வள்ளியம்மை அந்த வருடத்து விதைநெல்லைக் கீழே இறக்கி வைத்தாள். வந்தது வந்துவிட்டது, சும்மா கிடப்பானேன் என்று நினைத்தாள்.

வீடியோ போட்டவன் அதே ஊர் அரவிந்தன். சிங்கப்பூரில் வேலை போய் ஊர் திரும்பியவன், அம்மா இறந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து வெளிநாட்டுக்காரர்கள் பேசும் வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருந்தான். உலகத்தில் காணாமல் போகும் குழந்தைகளையெல்லாம் பெரிய மனிதர்கள் பாதாள அறைகளில் அடைத்துச் சாத்தானுக்குப் படைக்கிறார்கள் என்று அவற்றிலிருந்து தெரிந்துகொண்டான். இப்படி உலகம் முழுக்க நடப்பது தன் ஊரில் மட்டும் நடக்காமல் இருப்பது அவனுக்குப் பெரிய குறையாகப் பட்டது. யோசித்துப் பார்த்தான், வள்ளியம்மை அகப்பட்டாள். "இந்த ஊர்ல ஒருத்தங்க ரொம்ப வருஷமா கொழந்தைங்கள வாங்குறாங்க. ஊருக்கே தெரியும், கேட்டுப் பாருங்க. மில் சுவத்துல தலைகீழா ஒரு செவப்பு முக்கோணம் இருக்கு. அது யாரோட அடையாளம்?" என்று கைப்பேசியைப் பார்த்துக் கேட்டான்.

முக்கோணம், அரசாங்கம் எந்தக் காலத்திலோ வரைந்துவிட்டுப் போன குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரம். மற்றபடி அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் வேடிக்கை. பிறந்த பிள்ளைகள் தங்காத வீடுகளில், அடுத்துப் பிறப்பதை முறத்தில் போட்டு யாரிடமாவது தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். இது வேறொருத்தி பிள்ளை என்று எமன் ஏமாந்து போவான். பொழுது சாய்வதற்குள் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்வார்கள். மில்லில் தவிட்டுக்கா பஞ்சம்? சுற்றுவட்டாரமே வள்ளியம்மையிடம்தான் விற்றது. அவள் வாங்கியதில் ஒன்றுகூடச் சாகவில்லை. கைராசிக்காரி என்று பெயர். அவளுக்கோ பிள்ளை கிடையாது. பகலெல்லாம் மடியில் கிடந்ததை அந்தியில் தூக்கிக் கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் அழுகை முட்டும். இன்னும் ஒரே ஒரு நாள் இருக்கட்டுமே என்று கேட்க நினைப்பாள், கேட்டதில்லை. அரவிந்தனும் அப்படி விற்று மீட்ட பிள்ளைதான். அது அவனுக்கும் தெரியும். ஆனால் காணாமல் போனவர்கள் கணக்கில் தன்னை அவன் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாதா என்றால், தெரியும். இருந்தாலும் கைப்பேசியில் பார்க்கும்போது புதிதாக இருந்தது. சாத்தான் யார் என்பதில்தான் குழப்பம். முனிக்கு இடம் இருக்கிறது, காட்டேரிக்கு இடம் இருக்கிறது, இவனுக்குக் கோயில் எங்கே என்று டீக்கடையில் வாதாடிவிட்டு, வெளியூர்க்காரனாக இருக்கும் என்று முடிவு செய்தார்கள். டொரண்டோவிலிருந்து ஒருவர், அங்கே இரும்புக் கதவு இருக்கும் என்று கமெண்ட் எழுதினார். மறுநாள் கதவு இருந்தது. மதுரைக்காரர் ஒருவர், கோடியக்கரை வரைக்கும் சுரங்கம் போகிறது, அங்கே கப்பல் நிற்கிறது என்று எழுதினார். சுரங்கமும் வந்தது. அதன் வழியாக உப்புக்காற்று அடித்தது. ஒரு பூநாரை நடந்து வந்து, கொட்டிக் கிடந்த குருணையைத் தின்றுவிட்டு வந்த வழியே போனது. அதற்குப் பிறகு எல்லாரும் சேர்ந்து ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார்கள்: குழந்தைகள் எங்கே?

மறுநாள் காலை கீழேயிருந்து அழுகை கேட்டது. வள்ளியம்மை இறங்கிப் போனாள். வரிசையாக முறங்கள். ஒவ்வொன்றிலும் அவள் வாங்கிய ஒரு பிள்ளை, வாங்கிய அன்றிருந்த வயதில், அன்று சுற்றியிருந்த பழம்புடவைத் துணியோடு. அதே ஆட்கள் வளர்ந்து திருப்பூரிலும் துபாயிலும் பிழைத்துக்கொண்டிருக்க, கைக்குழந்தைகளாக இங்கே பசித்து அழுதார்கள். அவள் அதிசயப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை. பால்காரரைக் கூப்பிட்டு, கேனில் இருந்த பாலையெல்லாம் இறக்கச் சொன்னாள். அன்று அந்தியில் யாரும் மீட்க வரவில்லை. அவள் சந்தோஷமாகப் பாயை எடுத்துக்கொண்டு போய் முறங்களுக்கு நடுவிலேயே விரித்தாள்.

அழுகைச் சத்தம் தெருவுக்குக் கேட்டதும் கூட்டம் கடப்பாரையோடு வந்தது. அரவிந்தன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து முன்னால் நடந்தான். இன்ஸ்பெக்டர் ஹுமைரா ஜீப்பில் வந்து சேர்ந்தார். கீழே இறங்கியவர்கள் முறம் முறமாகக் குனிந்து பார்த்தார்கள். கோடியில் இருந்த முறத்துப் பிள்ளைக்குக் காதோரம் பிறவியிலேயே ஒரு சின்னத் துளை இருந்தது. அரவிந்தன் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"காணாமப் போன புள்ள எது?" என்று ஹுமைரா கேட்டார்.

"இது நான்தான் மேடம்."

"நீதான் இங்க நிக்கிறியே. அப்ப யாரும் காணாமப் போகல. மொதல்ல அந்த வீடியோவ நெட்டுலருந்து எடு. இந்தம்மா மானத்த வாங்காத."

அவனுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. யாரும் பார்க்க முடியாதபடி வீடியோவை மறைத்தான். அந்த நிமிடமே தரையில் ஊற்று கிளம்பியது. கணுக்கால் நனைந்தது, முழங்கால் நனைந்தது. முறங்கள் மிதந்தன, பிள்ளைகள் வீறிட்டன. கோடி முறத்தில் கிடந்த குட்டி அரவிந்தனின் வயிற்றின் வழியாக, அடியில் இருந்த மூங்கில் பின்னல் தெரிய ஆரம்பித்தது.

"திரும்பப் போடுறா அத!" என்று வள்ளியம்மை கத்தினாள்.

"அத்த, அதுல ஒங்கள பிசாசுன்னு சொல்லியிருக்கேன்."

"இருந்துட்டுப் போறேன். நீ போடு!"

போட்டான். தண்ணீர் வந்த வேகத்தில் வடிந்தது. பெயர் கெட்டுப்போனவளே அந்தக் கெட்ட பெயர் வேண்டும் என்று நின்றால் போலீஸ் என்ன செய்ய முடியும்? ஹுமைரா ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

இப்போது அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். வெளியூரில் இருப்பவர்கள் பொங்கலுக்கு வரும்போது அவரவருக்குச் சின்ன அளவில் சட்டை எடுத்து வருகிறார்கள். அரவிந்தன் மில்லிலேயே வேலைக்கு இருக்கிறான். வாரம் தவறாமல் புது வீடியோவும் போடுகிறான். "சாத்தானுக்குன்னே சொல்லிக்க. ஆனா கீழ ரெண்டு ஃபேன் ஓடுதுன்னும் சேத்துச் சொல்லு, புள்ளைங்களுக்கு வேர்க்குது" என்பாள் வள்ளியம்மை. சொன்னால் வந்துவிடும். பார்ப்பவர்கள் குறைந்தால் தரையில் ஈரம் கசிகிறது. அதனால் நடவுக்குப் போகும் பெண்கள்கூட வரப்பில் நின்று, சூனியக்காரி என்றோ பாதகத்தி என்றோ ஒரு கமெண்ட் போட்டுவிட்டுத்தான் சேற்றில் கால் வைக்கிறார்கள். அவள்மேல் ஊருக்கு அவ்வளவு பிரியம். சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டி முடித்ததும், அன்றைக்கு வந்த வசவுகளை அரவிந்தன் ஒவ்வொன்றாக வாசிப்பான், அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பாள். வசவு குறைந்த நாளில் அவளுக்குச் சோறு இறங்காது.