கடைசி வாளி

தொட்டியின் அடிக்கதவுக்குப் பக்கத்தில் மூன்று பிளாஸ்டிக் வாளிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவற்றின் மேல் ஒரு மண்வாரி கிடந்தது. அதன் பிடியை யாரோ பாதியில் அறுத்துக் குட்டையாக்கியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் லென்கா நின்றுவிட்டாள். வெளியே நின்று அள்ளுகிறவனுக்கு நீளப் பிடிதான் வேண்டும். குட்டைப் பிடி, உள்ளே குனிந்து நிற்கிறவனுக்கு.

அந்தத் தொட்டி அவள் வரைந்தது. நெகோட்டினோ ஊரில் வாங்கெலின் பட்டறையில் வடிவமைப்புக்கு அவள்தான் தலைமை. வரைபடத்தின் ஓரத்தில் அவளுடைய வட்ட முத்திரை இருந்தது. முத்திரை விழாத தாளில் அந்த ஊரில் மீன் மடித்துத்தான் கொடுப்பார்கள். அறுவடை முடிகிற நேரம். இந்த ஒயின் ஆலைக்கு வந்திறங்கிய முதல் தொட்டியை இன்று முதல் தடவையாகக் காலி செய்கிறார்கள். இதே வரைபடத்தில் இன்னும் ஏழு தொட்டிகள் பட்டறையில் பாதி வெல்டிங்கோடு நின்றன.

சிவப்பு ஒயினை வடித்த பிறகு தொட்டிக்குள் ஆளுயரத்துக்குத் தோலும் விதையுமாகச் சக்கை நிற்கும். முன்பெல்லாம் ஆள் உள்ளே இறங்கி வாரிப் போடுவான். ஒயின் போன பிறகும் சக்கை புளித்துக்கொண்டுதான் இருக்கும். கரியமில வாயு வந்துகொண்டேதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிடக் கனம். தரையோடு தரையாகத் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். குனிந்தவனைத்தான் முதலில் பிடிக்கும். அப்படிப் போனவர்களின் பெயரைத் திக்வெஷ் திராட்சை வட்டாரத்துக் காப்பிக்கடை எதிலும் கேட்கலாம். பெரும்பாலும் இரண்டிரண்டாகச் சொல்வார்கள்: விழுந்தவன் ஒருவன், தூக்கப் போனவன் ஒருவன். அதற்காகத்தான் லென்கா தொட்டியின் அடியில் சுழலும் இரும்புக் கை ஒன்றை வைத்தாள். பொத்தானை அழுத்தினால் கை சுற்றிச் சுற்றிச் சக்கையைக் கதவு வழியாக வெளியே தள்ளும். ஆள் உள்ளே போக வேண்டியதில்லை.

ஏப்ரலில் பட்டறை மாடியில் அபாய ஆய்வுக்கு உட்கார்ந்தார்கள். வரைபடத்தைத் துண்டு துண்டாக எடுத்து, இது உடைந்தால் என்ன ஆகும், அது நின்றுபோனால் என்ன ஆகும், ஆள் தப்பாகக் கை வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். லென்கா அதற்கு ஒரு விதி வைத்திருந்தாள். வேலைக்குப் புதிதாக வந்தவர் முதலில் பேச வேண்டும், முதலாளி கடைசியில். முதலாளி முதலில் வாய் திறந்தால் மற்றவர்களுக்கும் அதே அபிப்பிராயம் வந்துவிடும் என்பதைப் பல வருஷமாகப் பார்த்தவள் அவள். ஆள் உள்ளே இறங்கினால் என்ற கேள்வி வந்தபோது வாங்கெல் விதியை மறந்துவிட்டார். எவன் இறங்கப் போகிறான், பிறகு மெஷின் எதற்கு என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

தரையைக் கதவுப் பக்கம் நன்றாகச் சரித்துவிட்டால் ஒரு பிடிச் சக்கைகூடத் தங்காது என்று லென்கா சொல்லிப் பார்த்தாள். சரித்தால் தொட்டி உயரும், ஆலைக் கூரைக்கு அடியில் நிற்காது, எல்லாவற்றையும் திரும்ப வரைய வேண்டும், திராட்சை அதுவரை கொடியில் காத்திருக்குமா என்றார் வாங்கெல். அவர் கேட்ட சின்ன வட்டக் கதவுக்கு மட்டும் லென்கா சம்மதிக்கவில்லை; சண்டை போட்டுக் கதவை அகலமாக்கினாள். தரையை விட்டுக்கொடுத்தாள். சுவரோரம் மிஞ்சுவதை ஹோஸ் பிடித்துக் கழுவிவிடலாம் என்று எழுதி அந்தக் கேள்வியை மூடினார்கள். அவள் முத்திரை குத்தினாள்.

இப்போது வாளிகளைக் காட்டி, இவை எதற்கு என்று கோலேயைக் கேட்டாள். கோலே தொட்டிகள் நிற்கிற அந்தக் கூடத்துக்கு மேஸ்திரி. வேலை நேரத்தில் தொப்பியைக் கழற்றாத, ஐம்பதைத் தாண்டிய ஆள். அவருடைய தம்பி நாஞ்சோ அப்போதுதான் இரும்புக் கையை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“கடைசிச் சக்கைக்கு,” என்றார் கோலே. “சுவரோரம் மிஞ்சுறது எங்களுக்கு. அரசாங்க ஆலையா இருந்த காலத்துலேர்ந்து அப்படித்தான். இல்லாட்டி எங்க வீட்டுல காய்ச்சுற ரக்கியா சாராயம் எங்கேர்ந்து வருதுன்னு நெனைச்சீங்க?”

“அதை ஹோஸ் வெச்சுக் கழுவித் தள்ளணும்னு குறிப்புல இருக்கேண்ணே.”

கோலே தம்பியைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டியாடா? ரக்கியாவைக் குளிப்பாட்டி அனுப்பணுமாம்.”

நாஞ்சோ சிரித்தான். தண்ணீர் பட்ட சக்கையைக் காய்ச்சினால் கழுதை மூத்திரம்தான் இறங்கும் என்றான். தன் மச்சான் ஒரு தடவை அப்படிக் காய்ச்சிக் கல்யாணத்தில் ஊற்றியதையும், அன்றிலிருந்து சம்பந்தி வீட்டார் பேச்சை நிறுத்திவிட்டதையும் சொன்னான்.

லென்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அம்மாவும் ஆலையில் கூடை சுமந்தவள். அறுவடை முடியும்போது இப்படி ஒரு வாளி அவர்கள் வீட்டு வாசலுக்கும் வந்தது. ஏப்ரலில் அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்த அத்தனை பேரும் பனிக்காலம் முழுக்க அந்த ரக்கியாவைக் குடித்தவர்கள். ஆய்வு முடிந்ததும் வாங்கெல் ஊற்றிக் கொடுத்ததும் அதுதான். இதற்கான சக்கையை யார் அள்ளினார்கள், எப்படி அள்ளினார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தாள். எதிர்ச்சுவரோரம், இரும்புக் கை வழிக்க முடியாத இடத்தில், முழங்கால் உயரத்துக்குச் சக்கை பிறை மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. யாரும் உள்ளே போகக் கூடாது என்று இருவரிடமும் சொன்னாள். சரிம்மா, நீங்க சொன்னா சரி என்றார் கோலே. விருந்தாளிக்குச் சொல்கிற சரி அது. அந்தக் குரல் அவளுக்குப் புரிந்தது. அந்த நிமிஷமே கதவை இழுத்துத் திருகியிருக்க வேண்டும். முதலாளி வந்து சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்து அவள் வெளியே போனாள்.

முற்றத்தில் ஆலைக்காரர் வீட்டுப் பெண்கள் சிவப்பு மிளகாயைச் சுட்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். தொட்டியைப் பார்க்க அவளோடு வந்திருந்த வாங்கெல் கையில் ரொட்டித் தட்டோடு, சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றார். லென்கா அவர் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் கூடவே வந்தார்.

உள்ளே வந்தபோது ஒரு வாளியைக் காணோம். மண்வாரியையும் காணோம். கோலே அந்தப் பக்கம் முதுகைக் காட்டி ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தார். லென்கா ஓடிப்போய் டார்ச் அடித்தாள். நாஞ்சோ மண்டி போட்ட நிலையில், சக்கைமேல் நெற்றியை வைத்துக் கிடந்தான். களைத்துப்போய்த் தூங்குகிறவன் மாதிரி இருந்தான். கூப்பிட்டாள். அசையவில்லை.

கோலே ஹோஸைப் போட்டுவிட்டு வந்தார். லென்கா கதவை மறித்து, சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“நகரு.”

“உள்ள போகாதீங்கண்ணே.”

“நகருடி. என் தம்பி அவன்.”

“தெரியும். நீங்களும் விழுந்தா ரெண்டு பேரை இழுக்க இங்க ஆளில்ல.”

கோலே அவள் தோளைப் பிடித்து இழுத்தார். சட்டை கிழிந்தது. மூட்டை தூக்கிப் பழகிய கை அது; கன்னத்தில் ஓங்கி விழுந்ததில் அவளுடைய இடது காது அடைத்துப்போனது. பிடியை மட்டும் விடவில்லை. அப்போதுதான் ஓரக்கண்ணில் வாங்கெலைப் பார்த்தாள். அவர் பொத்தான் பெட்டியிடம் போய்விட்டார். இரும்புக் கையைச் சுற்றினால் சக்கையைத் தள்ளுகிற மாதிரி ஆளையும் தள்ளிவிடும் என்பது அவர் கணக்கு.

“முதலாளி, கையை எடுங்க. இரும்புக் கை சுத்தினா அவன் முதுகை ஒடிச்சுரும்.”

வாங்கெலின் விரல் பச்சைப் பொத்தான்மேல் நின்றது.

“மெஷினோட மெயினை மட்டும் அணைங்க. கம்ப்ரஸர் குழாயைக் கொண்டு வாங்க. ஓடுங்க.”

அவரை அதுவரை யாரும் அப்படி விரட்டியதில்லை. ஓடினார். லென்கா கோலேயின் முகத்துக்கு நேராகக் கேட்டாள்: “சக்கை கிண்டுற நீளக் கொக்கி எங்கண்ணே?”

கைக்கு ஒரு வேலை கிடைத்ததும் மனுஷன் அடங்கினார். சுவரில் மாட்டியிருந்த கொக்கியை உருவி வந்தார். வாங்கெல் குழாயை நீட்டினார். அவள் அதை அங்கே கிடந்த ஒரு கழியில் கட்டி நாஞ்சோவின் முகத்துப் பக்கம் தள்ளித் திறந்துவிட்டாள். காற்று சீறியது. திராட்சைத் தோல் பறந்து எல்லோர் முகத்திலும் ஒட்டியது. தலையை உள்ளே கொடுக்காதீங்க, தலையைக் கொடுக்காதீங்க என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கோலேயின் கொக்கி முதலில் சட்டையில் மாட்டிச் சட்டையைக் கிழித்தது. பிறகு ஈரப் பூட்ஸில் வழுக்கியது. அவர் வாய்விட்டு அழுதுகொண்டே மறுபடி நீட்டினார். கொக்கி இடுப்புப் பெல்ட்டில் விழுந்தது.

மூன்று பேரும் சேர்ந்து இழுத்தார்கள். நாஞ்சோ பெரிய உடம்புக்காரன். கதவில் அவன் தோள் உரசிக்கொண்டு வந்தது. வாங்கெல் கேட்ட அந்தச் சின்ன வட்டக் கதவாக இருந்திருந்தால் அங்கேயே மாட்டியிருப்பான். வாசல் வரைக்கும் இழுத்துப் போய்க் கிடத்தினார்கள். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. லென்கா அவன் நெஞ்சில் கையை வைத்து அமுக்கினாள். விலா நொறுங்குகிற சத்தம் கேட்டும் நிறுத்தவில்லை. மரத்தில் ரம்பம் சிக்கிக்கொண்ட மாதிரி ஒரு மூச்சு வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வாந்தி. பக்கத்து ஊரான கவதார்ச்சியிலிருந்து ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் கண் திறந்திருந்தான். பக்கத்தில் அழுகிற ஆள் யார் என்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் பட்டறையில் வாங்கெல் ஒரு யோசனை சொன்னார். உள்ளே இறங்காதே என்று பெரிய ஸ்டிக்கர், சிவப்பு எழுத்து, மண்டை ஓடு. ஏழு தொட்டிக்கும் ஒட்டிவிட்டால் சொன்ன தேதிக்கு அனுப்பிவிடலாம்.

“நாஞ்சோகிட்ட நான் வாயாலயே சொன்னேன் முதலாளி. ஸ்டிக்கர் என்ன, என்னைவிடச் சத்தமாவா பேசப்போகுது?”

“அதுக்காக ஏழு தொட்டியோட தரையையும் அறுக்கச் சொல்றியா?”

“ஆமா. அந்த ஆலைத் தொட்டியையும் கூரைக்கு வெளிய கொண்டுவந்து நிறுத்திட்டு மாத்தணும். நான் முத்திரை குத்தின தரையிலதானே அவன் குனிஞ்சான்? இந்தத் தரையோட இன்னொண்ணு வெளிய போகணும்னா வேற முத்திரை பாத்துக்குங்க.”

முத்திரையை எடுத்து மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். தலைநகர் ஸ்கோப்யேக்கு ஒரு போன் போட்டால் முத்திரை குத்த வேறு ஆள் கிடைப்பான். அது இருவருக்கும் தெரியும். வாங்கெல் போனைக் கையில் எடுத்தார். புரட்டினார். திரும்ப மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

“என் விரல் அந்தப் பொத்தான் மேல இருந்துச்சு லென்கா,” என்றார். “நான் அழுத்தியிருப்பேன்.”

லென்கா பழைய வரைபடத்தைச் சுருட்டினாள்.

“சரி. ஆய்வுக்குத் திரும்ப உட்காரலாம். யார் யாரைக் கூப்பிடணும்?” என்றார் வாங்கெல்.

“கோலே அண்ணனை.”

அடுத்த வாரம் கோலே மாடியேறி வந்தார். தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். லென்காவின் காதைப் பார்த்தார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. தம்பி வீட்டுக்கு வந்துவிட்டதாகவும், பேச்சில் பாதியில் வார்த்தை தொலைந்துபோகிறது என்றும், சரியாகிவிடலாம் என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னார்.

லென்கா புதிய வரைபடத்தை விரித்தாள். இந்த மேஜைக்கு நீங்கள்தான் புதியவர், அதனால் நீங்கள்தான் முதலில் பேச வேண்டும் என்றாள். கோலே சரிந்த தரையை விரலால் தடவிப் பார்த்தார். இதில் ஒரு பிடியும் தங்காது என்று ஒப்புக்கொண்டார். அப்படியானால் ஆட்கள் என்ன செய்வார்கள் தெரியுமா என்று கேட்டு, தானே பதில் சொன்னார்: பாதியில் மெஷினை நிறுத்திவிட்டுத் தங்கள் பங்கை உள்ளேயே மிச்சம் வைப்பார்கள். அதை எடுக்க மறுபடி இறங்குவார்கள்.

மேஜையில் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. லென்கா அதை எழுதினாள். கதவுக்கு வெளியே வாளி மாட்ட ஒரு கொக்கியும், கடைசிச் சுற்றில் வெளியே வருவது வேலையாட்களுக்கே என்று ஆலைக்காரரிடம் ஒரு கையெழுத்தும் வேண்டும் என்று முடிவானது.

கோலே எழுந்து போகவில்லை. தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“இந்தத் தொட்டியில நடக்குறது இன்னொண்ணும் இருக்கு. சொன்னா எங்க பசங்களைத் திட்டக் கூடாது.”

வாங்கெல் வாயைத் திறந்தார். லென்கா அவரைப் பார்த்தாள். அவர் மூடிக்கொண்டார்.

“சொல்லுங்கண்ணே,” என்றாள்.