அரை ஸ்பூன் பால்

தேவ்நாரிலுள்ள தன் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பாலைத் தூக்குவாளியிலிருந்து தம்ளருக்கு ஊற்றினாள் ஆறுமுகத்தாய். தன் கணவன் நெல்லையப்பனின் கடைவாயைத் துடைத்துக்கொண்டிருந்த பேராச்சி எழுந்து வந்து, அவன் சாய்ந்திருந்த நாற்காலிக்கு முன்னால் மறித்து நின்றாள்.

"பால் ஊத்தக் கூடாது மதினி."

நெல்லையப்பனுக்கு மேல்மூச்சு வாங்குகிறது, மதியம் தாண்டாது என்ற செய்தி விடியும்போதே தாராவியில் அந்த வீட்டு வரிசை முழுக்கப் பரவிவிட்டது. கடைசிப் பால் ஊற்ற ஊர்க்காரப் பெண்கள் நாலைந்து பேர் வாசலில் நின்றார்கள். உடன்பிறந்த அக்காள் ஆறுமுகத்தாய் ஊற்றிய பிறகு உள்ளே வரலாமென்று காத்திருந்தார்கள்.

அறுபத்திரண்டு வயதில், குர்லா பட்டறையில் அவன் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியதில் தொடங்கியது. பிறகு காலில் செருப்பு நிற்கவில்லை. பிறகு பேச்சு குழறி, போன தீபாவளியோடு அதுவும் போயிற்று. தசைகளை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன, இதற்கு மருந்தில்லை, புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். மற்றதையெல்லாம் பேராச்சி பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். படுத்தால் மூச்சு முட்டியது. ஒரு வருஷமாக நாற்காலியிலேயே தலையணை முட்டுக்கொடுத்துத் தூக்கம். எச்சில் துடைக்கப் பழைய வேட்டியைக் கிழித்துத் தினமும் இருபது துண்டு. சம்பந்தமில்லாமல் சிரிப்பு வரும், அதுவும் நோயின் வேலைதான். அக்காள் அழுதபோது அவன் குலுங்கிச் சிரித்ததை ஆறுமுகத்தாய் மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

தண்ணீராக எதையும் கொடுக்கக் கூடாது என்பதை ஒரு மடக்கு டீயில் கற்றாள். அது மூச்சுக்குழலுக்குள் போய், அவன் முகம் நீலம் பாரித்து, உயிர் போய்த் திரும்பியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஆரோரூட் மாவு போட்டுக் கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சிதான்.

"எட்டு மாசமா எங்க எருமைப் பாலு ஒரு சொட்டு அவன் தொண்டையில எறங்க விடல நீ. இன்னைக்குமாட்டி?"

"இருமல் வந்தா நிக்காது மதினி. போற உசுரு இருமாமப் போகட்டும்."

"நீ என்ன, டாக்டருக்குப் படிச்சிருக்கியோ?"

வாசலில் ஒருத்தி சிரித்தாள். பேராச்சி திரும்பி, நாற்காலிக்கு எதிரே மண்டியிட்டாள்.

"ஒங்கக்கா பால் கொண்டாந்திருக்காவ. வேணுமா?"

கண்ணை ஒருதரம் மூடினால் ஆமாம். இரண்டுதரம் மூடினால் வேண்டாம். அவன் மூடித் திறந்தான். பேராச்சி இரண்டாவது தரத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. அவன் பார்வை அவளைத் தாண்டி அக்காளிடம் போய் நின்றது.

அவள் எழுந்து ஆறுமுகத்தாயின் கையிலிருந்து தம்ளரை வாங்கினாள். ஸ்டவ்வைப் பற்றவைத்து, பாலில் மாவைக் கரைத்து, ஸ்பூனில் ஒட்டுகிற பதம் வரும்வரை கிண்டினாள். ஆறவைத்து நாத்தனாரிடமே கொடுத்தாள்.

"பின்கழுத்துல எடது கையக் குடுங்க. தாடை நெஞ்சத் தொடணும். அரை ஸ்பூன் போதும். தொண்டை ஏறி எறங்குறதப் பாருங்க. அதுவரைக்கும் அடுத்தது கூடாது."

முதல் ஸ்பூன் மோவாயில் வழிந்தது. பேராச்சி துடைத்தாள். இரண்டாவது உள்ளே போயிற்று. குரல்வளை மெல்ல ஏறியது, நின்றது, இறங்கியது. அவன் இருமவில்லை.

"எறங்கிட்டு, பேராச்சி," என்றாள் ஆறுமுகத்தாய், தாழ்ந்த குரலில்.

மூன்று தரம் அரை ஸ்பூன் கொடுத்தாள். இது கூழுல்லா என்று வாசலில் ஒருத்தி முணுமுணுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பதினொன்றரை மணிக்கு, பேராச்சி துணியை மாற்றி மடித்துக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. சத்தம் எதுவும் இல்லாததால் அது தெரியாமல் அவள் இன்னொரு தரமும் வாயைத் துடைத்தாள்.

பிற்பகலில் அவனைக் குளிப்பாட்டித் தரையில் மல்லாத்திக் கிடத்தினார்கள். தலையணையோடு வந்த பேராச்சி, பாயருகில் வந்த பிறகுதான் அது தேவையில்லை என்று கண்டு, அதைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வாய்க்கரிசி போட முதலில் ஆறுமுகத்தாயைக் கூப்பிட்டார்கள். அவள் வலது கையில் அரிசியை எடுத்துக்கொண்டு குனிந்தாள். இடது கையைப் பின்கழுத்துக்குள் கொடுத்துத் தலையைத் தூக்கினாள். தாடை நெஞ்சைத் தொட்டது. நாலைந்து அரிசியை உதட்டில் வைத்துவிட்டு, கையை எடுக்காமல், தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து நின்றவள் அரிசியோடு முன்னால் நகர்ந்தாள். கொஞ்சம் பொறு என்று பேராச்சி கையைக் காட்டினாள்.