வலது பக்கம் திரும்பும்போது

"இது ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன் சார். வலது பக்கம் திரும்பினா இந்தக் கதவு தானா திறந்துக்கும். யாராவது ஒருத்தர் கயித்தைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கணும்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் வண்டி வாங்க வந்திருந்த பஸ் டிரைவர், படுக்கையும் சமையல் மேடையும் வைத்த அந்த கேம்பர் வேனின் பக்கக் கதவை ஒரே இழுப்பில் மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். ஓய்வு பெற்று நான்கு மாதம்தான் ஆகிறதாம். கதவைக் கண்டால் கை சும்மா இருக்கவில்லை. உள்கைப்பிடியில் கட்டியிருந்த நீல நைலான் கயிறு ஒவ்வொரு முறையும் ஆடியது.

"இப்படி எல்லாத்தையும் சொன்னா யாரும்மா வாங்குவாங்க?" என்று அவர் மனைவி சிரித்தார்.

அவளுக்குச் சிரிக்க நேரமில்லை. கண் வீட்டு ஜன்னல் பக்கமே போனது. அதற்குப் பின்னாலிருந்த அறையில்தான் அப்பா படுத்திருந்தார். இன்றைக்கோ நாளைக்கோதான், பக்கத்திலேயே இருங்கள் என்று காலையில் வந்த நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வண்டி பார்க்க வருகிறவர்களை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டபோது, நேற்றிலிருந்து கண்ணே திறக்காத மனிதர் கண்ணைத் திறந்தார்.

"வரச் சொல்லு. போறதுக்குள்ள குண்டனை ஒருத்தர் கையில ஒப்படைச்சுடணும்."

வீட்டில் வேனுக்குக் குண்டன் என்று பெயர்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பதினொரு நாளாக அவள் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. குளிப்பதுகூடக் கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டுதான். அம்மா போனபோது அவளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. இந்த முறை அப்படி நடக்க விடக்கூடாது. அப்பா போகிற நேரத்தில் அவர் கை தன் கையில் இருக்க வேண்டும். அதைத் தவிர வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

"ஒரு ரவுண்டு போய்ப் பாத்தாத்தானே தெரியும். நீங்களும் வாங்கம்மா, எங்க எது முரண்டு பண்ணும்னு சொல்லுங்க" என்றார் டிரைவர்.

"நான் வரல சார். அப்பா தனியா இருக்காரு."

"நான் அவர்கிட்ட உக்காந்துக்கறேன்" என்றார் மனைவி. "பத்து நிமிஷந்தானே. ஏதாவதுன்னா உடனே போன் பண்றேன்."

ஜன்னலுக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "போயிட்டு வா."

நடு இருக்கையில் உட்கார்ந்ததும், யோசிக்காமலே கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே அது அவளுடைய வேலை. இப்போது வெளியூரில் இருக்கும் தம்பி, அந்த நாட்களில் பின்னால் மெத்தையில் தூங்கிக்கொண்டே மலையையும் கடலையும் பார்த்து முடித்தான். அவள் ஒரு பயணத்தில்கூடக் கண்ணயர்ந்ததில்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரிலிருக்கும் லிஃப்ட் கதவையெல்லாம் சரிசெய்கிறவருக்குச் சொந்த வண்டியின் கதவைச் சரிசெய்யத் தெரியவில்லை என்று சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் சிரிப்பு நடக்கும். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

முதல் வலது திருப்பம் வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தாள்.

"விடுங்கம்மா, பாப்போம்."

"திறந்துக்கும் சார்."

"முப்பத்தஞ்சு வருஷம் பஸ் ஓட்டினவன் சொல்றேன். விடுங்க."

கொஞ்சம் தளர்த்தினாள். கதவு அசையவில்லை. அடுத்த திருப்பத்தில் முழுதாக விட்டாள். அப்போதும் அசையவில்லை. டிரைவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆளில்லாத சந்தை மைதானத்துக்குள் வண்டியை விட்டு, வலப்பக்கமாகவே மூன்று வட்டம் அடித்தார். பின்னால் தட்டுகளும் டம்ளர்களும் கிடுகிடுத்தன. அலமாரியிலிருந்து ஒரு கரண்டி விழுந்தது. கதவு மட்டும் கல்லுப்பிள்ளையாராக இருந்தது.

அவர் இறங்கி வந்து தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்தார். "இதுல ஒரு குறையும் இல்லம்மா. யாரோ வருஷா வருஷம் எண்ணெய் போட்டு வெச்சிருக்காங்க."

வீடு திரும்பியதும், வந்த கோபத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் நுழைந்தாள்.

"அப்பா, கதவு நல்லாத்தான் இருக்கு."

கையும் களவுமாகப் பிடிபட்டவரைப் போல அப்பா டிரைவரின் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் புரிந்துகொண்டு எழுந்து வெளியே போனார்.

"எப்பலருந்து நல்லா இருக்கு?"

"வாங்கினதுலருந்தே."

"என்னப்பா இது!"

அவர் மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "உங்கம்மாவ வண்டில ஏத்திட்டுப் போனாங்கல்ல... திரும்பி வரல. அதுக்கப்புறம் எந்த வண்டில ஏத்தினாலும் அழுவே. வாந்தி எடுப்பே. ஒரு நாள் கயித்தைக் கையில குடுத்து, இதை விட்டா தம்பி விழுந்துடுவான், நீதான் பாத்துக்கணும்னேன். டக்குனு நின்னுடுச்சு."

"சரி, அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல? எனக்கு நாப்பத்திமூணு வயசுப்பா!"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ என்னடான்னா பெருமையா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தே. அப்புறம் பெரியவளாயிட்டே. எனக்குச் சொல்ல பயமாயிடுச்சு. நீ என்னை உதைப்பேன்னு."

"ஊரே உங்கள கேலி பண்ணிச்சேப்பா."

"பண்ணிட்டுப் போறாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே அழுதாள். தன்மேல் ஒருவர் இவ்வளவு பிரியம் வைத்து இத்தனை வருஷம் பொய் சொல்லியிருக்கிறார் என்று நினைக்க நினைக்க நெஞ்சு நிறைந்து வழிந்தது. அப்பாவின் உதடும் கோணியது, அது சிரிப்புதான்.

வண்டி விலைப் பேச்சு சீக்கிரம் முடிந்தது. அப்பா காகிதங்களில் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். "ஒரே இடத்துல நிறுத்தி வெச்சிடாதீங்க" என்றார்.

"வெப்பனா ஐயா? முப்பத்தஞ்சு வருஷம் ஒரே ரூட்டு. இனிமே எங்க நிறுத்தணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

"நான் முடிவு பண்ணுவேன்" என்றார் மனைவி.

அவர்கள் வண்டியில் ஏறினார்கள். அவள் கட்டிலருகே உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெயின் ரோடு வரைக்கும் வழி காட்டிட்டு வா" என்றார் அப்பா. "சந்து முனையில சுவத்துல இடிச்சுடுவாரு."

"பஸ் ஓட்டினவருப்பா. இடிக்க மாட்டாரு."

"போயிட்டு வாம்மா."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். இதுவும் அந்தக் கயிற்றைப் போல ஒரு பொய்தான் என்று அவளுக்குப் புரிந்தது. பிறகு அவர் கையை எடுத்துப் போர்வைமேல் வைத்தாள். எழுந்தாள்.

சந்தில் வேனுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே இரண்டு கைகளாலும் சைகை காட்டினாள். முனையில் சுவருக்கும் வண்டிக்கும் நடுவே நாலு விரல் இடம் இருந்தது. டிரைவர் இடிக்கவில்லை. இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு மெயின் ரோட்டில் கலந்தார். குண்டன் கண்ணைவிட்டு மறையும்வரை நின்று பார்த்தாள். திரும்பும்போது ஓடவில்லை.

அப்பாவின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. மூச்சு இல்லை.

அவள் உட்கார்ந்தாள். கை இன்னும் சூடாக இருந்தது. வாய்விட்டு அழுதாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்றெல்லாம் பார்க்கவில்லை. போயிருக்கக்கூடாது என்ற நினைப்பு இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தாள். அது வரவில்லை. அழுகை ஓய்ந்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெயில் ஜன்னலைத் தாண்டிக் கட்டில் கால்வரை வந்துவிட்டது.

போன் அடித்தது.

"அம்மா, நான்தான்" என்றார் பஸ் டிரைவர். "ஒரு மணி நேரம்கூட ஓட்டல, அதுக்குள்ள இவ மரத்தடியில நிறுத்தி டீ போடணும்னுட்டா. இந்தக் குழாயில தண்ணியே வரலையேம்மா."

"கீழ ஒரு பெடல் இருக்கும் பாருங்க. கால்ல மிதிக்கணும். முதல்ல காத்துதான் வரும். விடாம மிதிங்க."

தட்தட்டென்று மிதிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் மனைவியின் கூச்சலும், பாத்திரத்தில் தண்ணீர் விழும் ஓசையும்.

"வந்துடுச்சும்மா! அப்பாகிட்டயும் சொல்லிடுங்க."

"சொல்றேன்."

போனை வைத்துவிட்டுக் கட்டில் பக்கம் குனிந்தாள்.

"தண்ணி வந்துடுச்சாம்ப்பா" என்றாள். பிறகு தம்பியின் எண்ணைத் தேடினாள்.