ஒன்பதாவது கேள்வி

ஃபெர்மினின் கையிலிருந்த வலது ஷூவை மிக்டாலியா பிடுங்கினாள். இடது ஷூ ஏற்கெனவே அவளிடம் இருந்தது.

மியாமியை ஒட்டிய ஹயலியாவில், அந்த இறுதிச்சடங்கு நிலையத்தில் இருபது வருடமாக இறந்தவர்களுக்கு உடை மாட்டுகிறவன் ஃபெர்மின். மோதிரத்துக்கும் கைக்கடிகாரத்துக்கும் குடும்பங்கள் அடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறான். ஷூவுக்குச் சண்டை வருவது இதுதான் முதல் தடவை. அவன் ஓசைப்படாமல் சுவரோரம் நகர்ந்துகொண்டான்.

"உங்கப்பாவை வெறுங்காலோட அனுப்பப் போறியா?" என்றாள் அம்மா சொராய்டா, நாற்காலியை விட்டு எழாமல்.

"இது ஷூ இல்லம்மா. சாட்சி."

மியாமி நகரின் நடுவில் பன்னிரண்டாவது மாடியில் இருந்தது மிக்டாலியா வேலை பார்க்கும் அலுவலகம். உல்லாசக் கப்பலில் அடிபட்டவர்களின் வழக்கை மட்டுமே எடுக்கும் வக்கீல் அலுவலகம். விழுந்தவர்கள் முதலில் போன் செய்வது அவளுக்குத்தான். பதினெட்டு வருடமாக அவர்களிடம் அவள் எடுத்ததும் சொல்வது இரண்டு விஷயம். போட்டிருந்த ஷூவைத் துடைக்காமல், மறுபடி போடாமல், ஒரு பையில் போட்டு வையுங்கள். கப்பல்காரன் நீட்டும் படிவத்தில் ஒன்பதாவது கேள்வியைக் காலியாக விடுங்கள்.

ஊருக்கெல்லாம் சொன்னாள். கல்யாணப் பொன்விழாவுக்குக் கப்பல் பயணம் கிளம்பிய அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. டிக்கெட் எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். ரப்பர் அடி வைத்த அந்தக் கறுப்பு ஷூவை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

இரண்டாம் நாள் காலை, அம்மா அறையில் தலை வாரிக்கொண்டிருந்தபோது, காபி எடுக்கப் போன அப்பா எவேலியோ நடைவழியில் வழுக்கி விழுந்தார். பின்மண்டையில் அடி. கப்பல் டாக்டர் இரண்டு மாத்திரை கொடுத்து அறைக்கு அனுப்பிவிட்டார். மூன்று நாள் கழித்து கப்பல் மியாமியில் கரை சேர்ந்தபோது அப்பாவை எழுப்ப முடியவில்லை.

தரை காய்ந்துதான் இருந்தது, பெரியவரின் ஷூதான் தேய்ந்த ஷூ என்று கப்பல் கம்பெனி அதற்குள் பதில் போட்டுவிட்டது.

மிக்டாலியா ஷூவைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பாகம் பளிச்சென்று இருந்தது. சோப்பு வாசனை.

"யாரு இதைக் கழுவினது?"

"நான்தான். மேல பாலிஷ், அடியில ஈரத்துணி. சர்ச்சுல முட்டி போட்டா பின்னால இருக்கறவங்களுக்கு நம்ம ஷூவோட அடிதான் தெரியும்னு அவர் சொல்லிட்டே இருப்பாரே. மறந்துட்டியா?"

கழுவிய ஷூவைப் பற்றி எதிர்த்தரப்பு வக்கீல் என்ன கேட்பான் என்று மிக்டாலியாவுக்கு வார்த்தை வார்த்தையாகத் தெரியும். அலறியிருப்பாள். ஆனால் வெளியே கூடத்தில் ஆட்கள் வந்துவிட்டிருந்தார்கள். ஷூக்களைப் பிளாஸ்டிக் பைக்குள் திணித்து, கறுப்பு மையில் தேதியும் அப்பாவின் பெயரும் எழுதினாள்.

"அந்தப் பையில அவர் பேரை எழுதாத" என்றாள் அம்மா.

எழுதி முடித்துவிட்டிருந்தாள்.

கூடத்தில் கொய்யா பேஸ்ட்ரி தட்டுக்குப் பக்கத்தில் அவளுடைய முதலாளி கெசாடா நின்றிருந்தார். காபியைத் தொடவில்லை. அவளைக் கார்கள் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார். வெயிலில் தார் இளகிக்கொண்டிருந்தது.

விழுந்த அன்றைக்கு அப்பா எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தைக் கப்பல் கம்பெனி காலையில் அனுப்பியதாம். கேட்காமலே அனுப்பியிருக்கிறார்கள் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் சரியாக இல்லை.

மிக்டாலியா காகிதத்தை வாங்கினாள். எட்டுக் கேள்விகளைத் தாண்டிக் கண் நேராக அங்கே போனது. 'இந்த விபத்தைத் தவிர்க்க நீங்கள் என்ன செய்திருக்கலாம்?' இரண்டு வரிதான் இடம். அப்பா ஓரத்திலும் சாய்த்துச் சாய்த்து எழுதியிருந்தார்.

'நான் பார்த்து நடந்திருக்க வேண்டும். தவறு என்னுடையது.'

முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டிய மனிதர். அவர் காலை மிதித்தவனிடம் அவரே மன்னிப்புக் கேட்பார். மிக்டாலியாவின் காது இரண்டும் சுட்டன.

"யாரு இவரைக் கேட்டது? மண்டை உடைஞ்சு கிடக்கிறப்பவும் மரியாதையா?"

"முதல் வரியை விட்டுட்டுப் படி."

படித்தாள்.

'துடைத்துக்கொண்டிருந்த பெண்ணைத் தயவுசெய்து திட்ட வேண்டாம். ஈரத்தரை என்று எழுதிய பலகையைக் கேட்டும் அவளுக்குக் கொடுக்கவில்லையாம். பயந்து அழுதாள். நான்கு மாதமாக ஒரு நாள்கூட விடுப்பு இல்லையாம்.'

கீழே கப்பலின் முத்திரை. அதிகாரியின் கையெழுத்து.

"தவறு என்னுடையதுங்கிற இடத்தோட கம்பெனிக்காரங்க நிறுத்திட்டாங்க" என்றார் கெசாடா. "ஸ்பானிஷ்ல மிச்சத்தைப் படிக்கப் பொறுமை இல்ல. தரை காஞ்சிருந்ததுன்னு இனிமே அவங்க சொல்ல முடியாது."

"இந்தப் பொண்ணு?"

"சாட்சியாக் கூப்பிடணும்."

"வேலை போயிடும்."

"இந்நேரம் போயிருக்கும். நாம கேஸ் போடறது கம்பெனி மேல, அவ மேல இல்ல."

"இதைத்தான் பதினெட்டு வருஷமா நானும் போன்ல சொல்லிட்டிருக்கேன்."

மிக்டாலியா காகிதத்தை நான்காக மடித்து, பிறகு மடிக்கக் கூடாது என்று நினைவு வந்து, நீவிவிட்டு அவரிடமே கொடுத்தாள்.

"ஷூ பத்திரமா இருக்கில்ல? எங்கேன்னு கோர்ட்டுல கேப்பாங்க."

"அவர் போட்டிருக்கார்னு சொல்லுங்க."

உள்ளே போய்ப் பையைக் கிழித்தாள். சவப்பெட்டியின் கீழ்ப்பாதி மூடித்தான் இருக்கும், கால் யாருக்கும் தெரியாது, சாக்ஸே போதும் என்று ஃபெர்மின் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வலது கால் எளிதில் நுழையவில்லை. குதிகாலுக்குப் பின்னால் விரலை விட்டு நெம்பினாள். கயிற்றை இரட்டை முடிச்சாக, தேவைக்கு மேல் இறுக்கிக் கட்டினாள். ஃபெர்மின் கீழ்ப்பாதியை மூடினான். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதிரியார் வந்து ஜெபமாலையைத் தொடங்கினார். பெட்டிக்கு முன்னால் மிக்டாலியா முழங்காலிட்டாள். வாய் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. மனம் அந்தக் கையெழுத்துப் போட்ட அதிகாரியின் பெயரைத் திரும்பத் திரும்ப எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து யாரோ அவள் காலைத் தொட்டார்கள்.

அம்மா. குனிந்து, கைக்குட்டையில் எச்சில் தொட்டு, மகளின் ஷூ அடியில் ஒட்டியிருந்த தாரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.